ஒரு ‘செட்’டுக்கு 430 அர்த்தமா?

இங்கிலீஷ்ல ரொம்ப கஷ்டமான வார்த்தை எதுன்னு கேட்டா நம்மாளுங்க உடனே நாக்கு சுளுக்குற மாதிரி, மருந்து பேரு மாதிரி நீளமா ஒண்ண எடுத்து விடுவாங்க. ஆனா அகராதி எழுதுறவங்களுக்கு அந்த மாதிரி வார்த்தையால ஒரு தொல்லையும் கிடையாது, ஏன்னா நீளமான வார்த்தைக்கு பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான், ரெண்டு வரி எழுதிட்டு டீ குடிக்கப் போயிடலாம். அவங்க உயிர எடுக்குறது எல்லாம் பொடிசுங்கதான்: கோ, கெட், புட், ரன், டேக், அப்புறம் இந்த செட்.

1989ல 20 வால்யூமா வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோட ரெண்டாம் பதிப்புல செட்ங்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தம் போட்டிருக்காங்க, அந்த ஒரு பதிவு மட்டும் 60,000 வார்த்தை, அதாவது ஒரு சுமாரான நாவல் சைஸ். கின்னஸ்ல கூட இதான் அதிக அர்த்தம் உள்ள இங்கிலீஷ் வார்த்தைன்னு ஏறுச்சு. முதல் பதிப்புல இந்தப் பகுதிய பாத்தவரு ஹென்றி பிராட்லின்னு ஒருத்தர், ஷெஃபீல்டுல கத்தி, கத்தரிக்கோல் செய்யுற கம்பெனியில 20 வருஷம் கிளார்க்கா இருந்தவரு, காலேஜ் பக்கமே போகாம தானா மொழிகளப் படிச்சவரு. 1884ல அகராதியோட முதல் பாகம் வெளிய வந்தப்ப ஒரு பத்திரிகையில இவரு எழுதுன விமர்சனத்த பாத்துட்டுதான் எடிட்டர் ஜேம்ஸ் மரே இவர கூப்பிட்டு சேத்துக்கிட்டாரு. தப்பு கண்டுபிடிச்சவனையே வேலைக்கு வைக்கிற மனசு எல்லாருக்கும் வராது, அத சொல்லணும்.

அந்த ரெக்கார்டு இப்ப செட்கிட்ட இல்ல. 2000ல இருந்து அகராதிய ஆன்லைன்ல புதுசா திருத்திட்டு வர்றாங்க, அதுவும் ஏ-ல ஆரம்பிக்காம எம்-ல ஆரம்பிச்சாங்க, அதனால மேக் மேல வந்துச்சு, அப்புறம் புட், அப்புறம் 2011ல ரன். ரன்ன திருத்துனவரு பீட்டர் கில்லிவர், அந்த ஒரு வார்த்தைக்கே ஒம்பது மாசம் போச்சாம், வினைச்சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தம். மெஷின் ஓடுது, புரோகிராம் ஓடுது, பஸ் ஓடுது, மூக்கு ஒழுகுது, எலக்‌ஷன்ல நிக்குறாரு, கம்பெனி நடத்துறாரு எல்லாமே ரன்தான். மெஷின் காலம் வந்தப்புறம் ரன்னுக்கு மவுசு ஏறிடுச்சு, செட் கொஞ்சம் பழைய ஆளு. இருந்தாலும் எனக்கு செட்தான் பிடிக்கும், ஏன்னா நம்ம ஊரு பேச்சுக்குள்ள இது வந்து உக்காந்த மாதிரி ரன் வந்து உக்காரல.

முதல்ல இது எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்துடுவோம். பழைய இங்கிலீஷ்ல சிட்டன்னா உக்காருறது, செட்டன்னா உக்கார வைக்கிறது. நம்மகிட்ட அமர், அமர்த்து இருக்கு, நட, நடத்து இருக்கு, திருந்து, திருத்து இருக்கு, தானா செய்யுறது ஒண்ணு, இன்னொண்ண செய்ய வைக்கிறது ஒண்ணு. அதே ஜோடிதான் சிட்டும் செட்டும். ரைஸ், ரெய்ஸ், லை, லே, ஃபால், ஃபெல் (மரத்த வெட்டி சாய்க்கிறது), இதெல்லாம் அதே குடும்பம், உள்ள இருக்குற உயிரெழுத்து மாறும், அவ்வளவுதான். ஸ்கூல்ல லை-யையும் லே-யையும் போட்டுக் குழப்பிக்காத ஆளே இருக்க மாட்டாங்க, தன்வினை பிறவினைன்னு ஒரே ஒரு வரி சொல்லிருந்தா நமக்கெல்லாம் அன்னிக்கே புரிஞ்சிருக்கும், ஆனா இங்கிலீஷ் வாத்தியார் தமிழ் இலக்கணம் பேச மாட்டாரு, தமிழ் வாத்தியார் இங்கிலீஷ் பக்கம் வர மாட்டாரு.

செட், செட், செட்னு வினைச்சொல்லோட மூணு வடிவமும் ஒரே மாதிரி இருக்கே அதுக்கும் காரணம் இருக்கு. இறந்தகாலத்துக்கு கடைசியில ஒரு ட ஓசை சேக்கணும், ஆனா வார்த்தையே ட்-ல முடியுது, ரெண்டும் ஒட்டிப்போய் செட்டென்னு ஆச்சு, அப்புறம் நாளாக நாளாக வால் எல்லாம் உதிர்ந்து மூணும் ஒண்ணாயிடுச்சு. கட், புட், ஹிட், ஷட் எல்லாம் இப்படி ட்-ல முடியுறதுங்கதான்னு கவனிச்சீங்கன்னா தெரியும்.

ஆனா ஒரு செட் பாத்திரம், ஒரு செட் சாவின்னு சொல்றோமே, அந்த தொகுப்புங்கிற செட் வேற ஆளு. அது லத்தீன்ல செக்டா, அதாவது ஒருத்தர் பின்னாடி போற கூட்டம், மதத்துல பிரிவுன்னு சொல்ற செக்ட் இருக்கே அதேதான், பிரெஞ்சு வழியா செட்டுன்னு தேஞ்சு இங்கிலீஷுக்கு வந்துச்சு. ஹோட்டல்ல சூட் ரூம்ங்கிறாங்களே, போட்டுக்குற கோட் சூட், சீட்டுக்கட்டுல இருக்குற சூட், இதெல்லாம் கூட அந்த ‘பின்னாடி போறது’ங்கிற லத்தீன் வேர்ல இருந்துதான் வருது. ஆக பிரெஞ்சுல இருந்து வந்த ஒரு செட்டும் ஜெர்மானிய வேர்ல இருந்து வந்த ஒரு செட்டும் ஒரே மாதிரி ஒலிச்சதால கலந்துபோச்சு, இப்ப ‘ஒழுங்கா எடுத்து வெச்ச தொகுப்பு’ன்னு நினைக்கிறப்ப எது எங்க முடியுது எது எங்க ஆரம்பிக்குதுன்னு அகராதிக்காரங்களே கோடு கிழிக்க தடுமாறுறாங்க. ஒண்ணு மட்டும் உறுதி, சொத்துன்னு சொல்ற அசெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது, அது ‘போதுமானது’ங்கிற பிரெஞ்சு வார்த்தை, கடன அடைக்க போதுமான அளவு சொத்து இருக்கான்னு கோர்ட்டுல பாத்ததுல இருந்து வந்தது.

சரி, 430ஐ யாரு மனப்பாடம் பண்றது? யாரும் பண்றதில்ல, இங்கிலீஷ்காரனும் பண்றதில்ல. இதுக்கு தொல்காப்பியத்துல ஒரு வழி இருக்கு. சொல்லதிகாரத்துல பல பொருள் ஒரு சொல்லப் பத்தி சொல்றப்ப, அது எந்தப் பொருள்ல வருதுன்னு வினை, இனம், சார்பு இந்த மூணால தெரிஞ்சுக்கலாம்னு இருக்கு. உரைகாரங்க மா-ங்கிற சொல்ல உதாரணமா எடுக்குறாங்க. மா பூத்ததுன்னா பூக்குறது மரம்தானே, அது வினை. மாவும் மருதும் ஓங்கினன்னா பக்கத்துல மருத மரம் நிக்குது, அது இனம். கவசம் போட்டுக்கிட்டு ஒருத்தன் மா கொண்டான்னு கத்துனா அவன் மாங்கா கேக்கல, குதிரை கேக்குறான், அது சார்பு. இத வெச்சுக்கிட்டு செட்ட பாத்தீங்கன்னா பாதி பயம் போயிடும்.

டேபிள்னு வந்தா தட்டு, ஸ்பூன எடுத்து வைக்கிறது. அலாரம்னு வந்தா நேரம் வைக்கிறது. வைரம்னு வந்தா மோதிரத்துல பதிக்கிறது. எலும்புன்னு வந்தா முறிஞ்சத நேரா பொருத்திக் கட்டுறது, நம்ம புத்தூர் கட்டு வைத்தியருக்கு இங்கிலீஷ்ல போன்செட்டர்தான் பேரு. பேப்பர்னு வந்தா கேள்வித்தாள் எடுக்குறது, நம்ம யூனிவர்சிட்டியிலயும் கொஸ்டின் செட்டர்னுதானே சொல்றோம். பொறின்னு வந்தா எலிக்கு வைக்கிறது. பாட்டுன்னு வந்தா மெட்டமைக்கிறது. சூரியன்னு வந்தா மறையுறது, அதுக்கு பழைய இங்கிலீஷ்ல செட்ல்காங்னு ஒரு வார்த்தை, ‘இருக்கைக்குப் போறது’ன்னு அர்த்தம், நாள் பூரா நின்ன சூரியன் போய் உக்காருதாம். இத்தனையிலயும் அடியில ஓடுறது ஒண்ணே ஒண்ணு, ஒரு பொருள ஒரு இடத்துல, அது அங்கயே நிக்குற மாதிரி வைக்கிறது. புட்டுக்கும் செட்டுக்கும் வித்தியாசமே அங்கதான், புட்ன்னா சும்மா வெச்சா போதும், செட்ன்னா வெச்சது நிலைக்கணும், இல்ல ஒரு முறைப்படி இருக்கணும்.

இந்த நிலைக்கிறதுங்கிறத சிமெண்ட்ல பாத்தா நல்லா புரியும், ஏன்னா அங்க செட் ஆகுறத ஊசி வெச்சே அளக்குறாங்க. லூயி விக்காட்னு ஒரு பிரெஞ்சு இஞ்சினியர், அவரு பேர்ல ஒரு கருவி. 40 மில்லிமீட்டர் உயரம் உள்ள ஒரு அச்சுல சிமெண்ட் பேஸ்ட்ட நிரப்பி, ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஊசிய மெதுவா மேல விடுவாங்க, முதல்ல வெண்ணெயில இறங்குற மாதிரி அடி வரைக்கும் போயிடும். கொஞ்ச நேரம் விட்டு விட்டு திரும்பத் திரும்ப இறக்குவாங்க, அடியில இருந்து ஒரு 5 மில்லிமீட்டர் இருக்கும்போது ஊசி நின்னு போச்சுன்னா அதுதான் இனிஷியல் செட்டிங் டைம். நம்ம நாட்டு தரவிதிப்படி சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு அது 30 நிமிஷத்துக்குக் கொறையக் கூடாது, கடைசி செட்டிங் 600 நிமிஷத்த தாண்டக் கூடாது. 30 நிமிஷம் எதுக்குன்னா கலந்து, தூக்கி, கொட்டி, மட்டம் தட்டுறதுக்கு கொத்தனாருக்கு டைம் வேணும்ல. சிமெண்ட் அரைக்கிறப்பவே ஜிப்சம் சேக்குறதும் இதுக்குதான், அது இல்லேன்னா தண்ணி பட்ட உடனே சட்டியிலயே கல்லாயிடும், அதுக்கு ஃபிளாஷ் செட்னு பேரு. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, செட் ஆகுறது வேற, கெட்டியாகி பலம் ஏறுறது வேற. செட்ங்கிறது குழைஞ்ச நிலை போயிடுச்சு, இனிமே வடிவத்த மாத்த முடியாதுங்கிற நிலை, பலம் ஏறுறது அதுக்கப்புறம் 28 நாள், அதுக்கு மேலயும் தொடரும், அதனாலதான் தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கோம். செட் ஆக ஆரம்பிச்ச கலவைல திரும்ப தண்ணி ஊத்தி கிளறி பூசுற பழக்கம் நம்ம சைட்டுங்கள்ல உண்டு, பாக்க கலவை புதுசா இருக்குற மாதிரிதான் இருக்கும், ஆனா பலம் போயிடும், வீடு கட்டுறவங்க பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க.

மனுஷனோட எண்ணத்துக்கு மைண்ட்செட்னு சொல்றதும் இந்த சிமெண்ட் அர்த்தத்துக்குப் பக்கத்துலதான் இருக்கு. கிரிக்கெட்ல பேட்ஸ்மேன் செட் ஆயிட்டான்னு சொல்றதும் அப்படித்தான், 30 ரன் தாண்டிட்டான், பிட்ச் பழகிடுச்சு, இனி அசைக்கிறது கஷ்டம். அதே மேட்ச்ல கேப்டன் ஃபீல்ட் செட் பண்றாரு, முதல்ல ஆடுன டீம் டார்கெட் செட் பண்ணுது, மூணும் வேற வேற, ஆனா கமெண்ட்ரி கேக்குற யாருக்கும் குழப்பம் வர்றதில்ல, பக்கத்துல இருக்குற சொல்லே சொல்லிடுது.

ஓட்டப்பந்தயத்துல செட் ஒரு கட்டளை. ஆன் யுவர் மார்க்ஸ்னு சொன்னதும் வீரங்க பிளாக்ல கால் வைப்பாங்க, செட்னு சொன்னதும் இடுப்பு மேல வந்து உடம்பு அப்படியே உறைஞ்சு நிக்கணும், அப்புறம்தான் துப்பாக்கி. 400 மீட்டர் வரைக்கும் உள்ள ஓட்டத்துக்குதான் இந்த செட் உண்டு, அதுக்கு மேல 800, 1500 எல்லாத்துலயும் ஆன் யுவர் மார்க்ஸ், நேரா துப்பாக்கி, ஏன்னா அங்க நின்னுக்கிட்டே கிளம்புறாங்க. செட்டுக்கும் வெடிக்கும் நடுவுல அசைஞ்சா அவ்வளவுதான், வெடி சத்தத்துக்கப்புறம் கூட 0.1 செகண்டுக்குள்ள கிளம்புனா ஃபால்ஸ் ஸ்டார்ட், ஏன்னா மனுஷன் காதுல கேட்டு கால் அசையுறதுக்கு அவ்வளவு நேரமாவது ஆகும்ங்கிறது கணக்கு. 2011ல தென்கொரியாவுல டேகு உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டர் ஃபைனல்ல உசைன் போல்ட் அந்த செட் நிலையில இருந்து முன்னாடியே பாஞ்சுட்டு சட்டைய கழட்டிக்கிட்டு வெளிய போனாரே, தங்கம் யோஹன் பிளேக்குக்குப் போச்சு.

டென்னிஸ்ல செட் தொகுப்பு வகை, குறைஞ்சது ஆறு கேம், ரெண்டு கேம் வித்தியாசம் வேணும், 6-6ன்னு வந்தா டைபிரேக்னு ஒரே ஒரு கேம்ல முடிச்சுடுவாங்க. கடைசி செட்டுல டைபிரேக் இல்லாத காலத்துல, 2010 விம்பிள்டன்ல இஸ்னரும் மஹுவும் மூணு நாளா ஒரே மேட்ச் ஆடி, கடைசி செட் மட்டும் 70-68ன்னு முடிஞ்சுது, ஸ்கோர்போர்டு அவ்வளவு நம்பர் தாங்காம நின்னே போச்சு.

கணக்குல வர்ற செட் இன்னும் சுவாரசியம். இந்தக் கணக்க ஆரம்பிச்சு வெச்ச ஜார்ஜ் கான்டர் ஜெர்மன்ல மெங்கேன்னு எழுதுனாரு, 1915ல அவரோட கட்டுரைங்கள இங்கிலீஷ்ல கொண்டு வந்தப்ப அக்ரிகேட்னுதான் மொழிபெயர்த்தாங்க, செட்னு நிலைச்சது அப்புறம்தான். நம்ம தமிழ்நாட்டு பாடப்புத்தகத்துல கணம், இலங்கையில தொடை, அங்க பசங்க தொடைகள்னு பாடம் படிக்கிறத கேட்டா இங்க உள்ளவங்க சிரிப்பாங்க, ஆனா தொடுத்தது தொடைன்னு பாத்தா அருமையான சொல். கணிதத்துல செட்டுக்கு ரெண்டு விதி: வரிசை முக்கியமில்ல, ஒரே உறுப்பு ரெண்டு தடவ வந்தாலும் ஒண்ணுதான். பைத்தான்ல கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறவங்களுக்குத் தெரியும், லிஸ்ட்ட தூக்கி செட்டுக்குள்ள போட்டா டூப்ளிகேட் எல்லாம் காணாமப் போயிடும். இதே விதிய ஹோட்டல்ல கொண்டு வந்தா செட் தோசை ஆர்டர் பண்ணவனுக்கு ஒரு தோசைதான் கிடைக்கும், ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு. இல்ல, அது வேற தோசை இது வேற தோசைன்னு கான்டர் கட்சிக்காரங்க வாதாடலாம், வடகறி ஆறுறதுக்குள்ள முடிச்சுக்கிட்டா சரி.

இனி அந்த ஒட்டுங்க. இன், ஆஃப், அவுட், அப், பேக்னு பின்னாடி ஒண்ணு ஒட்டுனா செட் வேற ஆளாயிடும், பரிட்சைக்குப் படிக்கிற பசங்க அழுறது இங்கதான். எல்லாத்தையும் சொல்லப்போறதில்ல, நம்ம பொழப்புல வந்து மாட்டுற சிலத மட்டும் சொல்றேன். செட்பேக்னா செய்தியில பின்னடைவு, ஆனா வீட்டு பிளான் அப்ரூவலுக்குப் போனா மனை எல்லையில இருந்து கட்டடம் வரைக்கும் விட வேண்டிய காலி இடம், நாலு பக்கமும் செட்பேக் விட்டாச்சான்னு கேக்குறப்ப அவரு உங்க தோல்விங்கள கேக்கல. செட் ஆஃப்னா பயணம் கிளம்புறது, வெடிய வெடிக்க வைக்கிறது, ஆடிட்டர் வாயில வந்தா ஒரு பக்கம் வந்த நஷ்டத்த இன்னொரு பக்கம் வந்த லாபத்துல கழிக்கிறது. பிரஸ்காரங்களுக்கு செட்-ஆஃப்னா அச்சடிச்ச ஈரமான தாளோட மை அடுத்த தாளோட முதுகுல ஒட்டிக்கிறது, அது அவங்களுக்கு தலைவலி. அந்த தலைவலிக்கு சொந்தக்காரப் பையன்தான் ஆஃப்செட். 1904 வாக்குல அமெரிக்காவுல ஐரா ரூபெல்னு ஒரு பிரிண்டர், தாள் போடாம மெஷின் சுத்துனதுல படம் ரப்பர் உருளை மேல விழுந்து, அடுத்து போட்ட தாளுக்கு பின்பக்கமா ரப்பர்ல இருந்து மை ஏறுனத பாத்தாரு, பாத்தா அது நேரா அச்சடிச்சத விட தெளிவா இருக்கு. சிவகாசியில இன்னிக்கும் ஓடுற ஆஃப்செட் மெஷின்ல பிளேட் தாளத் தொடுறதே இல்ல, பிளேட் ரப்பருக்குக் குடுக்கும், ரப்பர் தாளுக்குக் குடுக்கும், உங்க வீட்டு தினசரி காலண்டர்ல இருக்குற முருகர் அப்படி வந்தவருதான்.

செட் இன்-னு ஒண்ணு, ஜூன் மாசம் கேரளாவுல பருவமழை ஆரம்பிச்சா வானிலை மையம் இதத்தான் எழுதும், அதையே பெயர்ச்சொல்லா சொன்னா ஆன்செட். வந்தது போகாம தங்கும்ங்கிறப்பதான் இத போடுவாங்க, அதுவும் பெரும்பாலும் குளிர், அழுகல், பீதி, சீழ்னு வேண்டாத விருந்தாளிங்களுக்குதான், சந்தோஷம் செட் இன் ஆச்சுன்னு யாரும் எழுத மாட்டாங்க. இந்த மாதிரி வாசனை எல்லாம் அகராதியில பாதிதான் கிடைக்கும், மீதி படிச்சுப் படிச்சு ஏறணும்.

ஆனா எல்லாத்துலயும் வேடிக்கை அப்செட்தான். இன்னிக்கு மனசு சரியில்ல, வயிறு சரியில்ல, கவுந்து போச்சு எல்லாத்துக்கும் அப்செட், ஆனா பழைய காலத்துல அப்செட்னா தூக்கி நிறுத்துறதுன்னு அர்த்தம், நேர் எதிர்! அந்த பழைய அர்த்தம் ஏலத்துல இன்னும் உயிரோட இருக்கு. பேங்க் ஏலம், கோர்ட்டு ஏலம் அறிவிப்புல அப்செட் பிரைஸ்னு போட்டிருக்கும், கேள்வி இதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு நிறுத்தி வெச்ச குறைஞ்சபட்ச விலை, அதுல யாரும் வருத்தப்படல. விளையாட்டுல பெரிய டீம சின்ன டீம் கவுத்தா அப்செட்ங்கிறாங்க, அதுக்கு ஒரு கதையும் சொல்லுவாங்க: 1919ல அமெரிக்காவுல சரடோகா ரேஸ்ல மேன் ஓ வார்ங்கிற தோக்கவே தோக்காத குதிரைய அப்செட்னே பேரு வெச்ச ஒரு குதிரை தோக்கடிச்சுது, அதுல இருந்துதான் இந்த அர்த்தம் வந்துச்சுன்னு. ரேஸ் நடந்தது உண்மை, குதிரை பேரு உண்மை, மேன் ஓ வார் வாழ்நாள்ல தோத்த ஒரே ரேஸும் அதுதான், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே, 19ஆம் நூற்றாண்டு பேப்பர்லயே இந்த அர்த்தத்துல அப்செட் வந்திருக்கு. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு அழகா ஒரு பிறப்புக் கதை கிடைச்சா சந்தேகப்படணும், அது பெரும்பாலும் பின்னாடி யாரோ கட்டுனதாத்தான் இருக்கும்.

இப்ப நம்ம பக்கம். இங்கிலீஷ்ல எப்படியோ, தமிழ்ல செட் வந்தது முக்கியமா மெஷின் வழியா. பம்ப்செட், மைக் செட், ரேடியோ செட்டு, கோயில் கொடைக்கு சீரியல் செட், கல்யாணத்துக்கு பேண்டு செட். மோட்டாரும் பம்பும் சேந்து ஒண்ணுங்கிறதால பம்ப்செட், ஆம்ப்ளிஃபையர், மைக், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் சேந்ததால மைக் செட், ஊர்ல மைக் செட்டுன்னா அந்த சாமான் மட்டும் இல்ல, அத கொண்டு வர்ற ஆளுக்கும் அதே பேருதான், மைக் செட்டு வந்தாச்சான்னா ஆளு வந்தாச்சான்னுதான் அர்த்தம். கேரளாவுல முண்டும் நேரியதும் சேந்தா செட் முண்டு. அப்புறம் சினிமா செட்டு, கலைக்காரங்க பிளைவுட், பிளாஸ்டர்ல எழுப்புற மண்டபம், செட் போடுறதுன்னு போடு சேத்துக்கிட்டோம், கோலம் போடுற மாதிரி, ரோடு போடுற மாதிரி. இந்த போடு இருக்கே, அதுதான் நம்ம செட், சண்டை போடு, சட்டை போடு, ஊசி போடு, டீ போடு, முட்டை போடு, பூட்டு போடு, நாமம் போடு, தமிழ் கத்துக்க வர்ற வெள்ளக்காரங்க கண்ணுல தண்ணி வரவைக்கிறது இதுதான், அவங்களும் இதுக்கு லிஸ்ட் போட்டுதான் மனப்பாடம் பண்ணுவாங்க பாவம்.

ஆளுங்களுக்கும் செட்டு உண்டு. அவன் எங்க செட்டுன்னா கூடப் படிச்சவன், ஒரே வயசுக்காரன், இது அந்த லத்தீன் கூட்டத்தோட வாரிசு, இங்கிலீஷ்ல ஜெட் செட், ஸ்மார்ட் செட்னு பணக்காரக் கும்பல சொல்றாங்களே அதோட ஏழை சொந்தக்காரன். செட்டப்ப மட்டும் நாம கொஞ்சம் கெடுத்துட்டோம், இங்கிலீஷ்ல செட்டப்னா சாதாரண ஏற்பாடும் உண்டு, மாட்டிவிடுற சதியும் உண்டு, தமிழ்ல எல்லாம் செட்டப்புப்பான்னு சொன்னா அங்க நல்ல அர்த்தத்துக்கு இடமே இல்ல.

நாம புதுசா சேத்தது ஒண்ணு இருக்கு: செட் ஆகாது. இந்த வேலை எனக்கு செட் ஆகாது, அந்தக் கலர் உனக்கு செட் ஆகல, ரெண்டு பேருக்கும் செட் ஆயிடுச்சு. இத அப்படியே இங்கிலீஷ்ல திருப்பி லண்டன்ல போய் சொன்னீங்கன்னா முழிப்பாங்க, அங்க அதுக்கு சூட், ஃபிட், வொர்க் அவுட்னு வேற வார்த்தைங்க. இது தப்பு இங்கிலீஷ்னு சிலர் நக்கல் பண்றாங்க, எனக்கு அப்படித் தோணல, ஏன்னா இது இங்கிலீஷே இல்ல, தமிழ். எப்படி தமிழ்னா, நாம செட்ட அப்படியே வினையா எடுக்காம ஆகு, பண்ணுன்னு ரெண்டு கால் குடுத்திருக்கோம். இங்கிலீஷ்ல ஜெல்லி தானா கெட்டியானாலும் செட்தான், நீங்க கெட்டியாக வெச்சாலும் செட்தான், அந்த பழைய சிட்டன், செட்டன் வித்தியாசம் இந்த வார்த்தைக்குள்ள கலைஞ்சு போச்சு. நம்மகிட்ட தானா நடந்தா செட் ஆச்சு, நான் செஞ்சா செட் பண்ணேன், அங்க தொலைஞ்ச தன்வினை பிறவினைய இங்க திரும்ப ஒட்டிட்டோம்.

அதோட, பொருந்துறதுங்கிற அந்த அர்த்தம் லண்டன்லதான் இல்ல, இன்னும் வடக்க போனா இருக்கு. ஸ்காட்லாந்து பேச்சுல ஒரு துணி ஒருத்தருக்கு எடுப்பா இருந்தா அது அவர செட் பண்ணுதுன்னு சொல்லுவாங்க, ஒரு நடத்தை ஒருத்தருக்கு அழகில்லன்னா அது உனக்கு செட் ஆகலங்கிற மாதிரியே சொல்லுவாங்க. நாம அங்க இருந்து எடுக்கல, அவங்க இங்க இருந்து எடுக்கல, ரெண்டு ஊர்லயும் தனித்தனியா அப்படி ஆயிருக்கு. அகராதியோட எடிட்டர் ஜேம்ஸ் மரேயே ஸ்காட்லாந்துல ஹாயிக்ங்கிற ஊருக்குப் பக்கத்து கிராமத்துக்காரருதான், அந்தப் பகுதி பேச்சு மொழியப் பத்தி தனியா புத்தகமே எழுதுனவரு, நம்ம ‘செட் ஆகல’ங்கிறத அவரு கேட்டிருந்தா விளக்கமே கேக்காம ஒரு சீட்டுல குறிச்சு வெச்சிருப்பாரு.